கிழக்கே திரும்பிய குழாய்

வேலந்தாவளம் முக்கில் என் பேரில் ஒரு கடை. எருத்தேன்பதியில் நானே கல் சுமந்து கட்டிய ஓட்டு வீடு. ஒற்றைப் பெட்டியில் தொடங்கி, ஒரே முகூர்த்த நாளில் நாலு கல்யாணத்துக்கு ஆள் அனுப்பும் அளவுக்குச் சேர்த்த ரேடியோ செட்டுகள். முதலமடை மாந்தோப்பிலிருந்து கிழக்கே தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் போகிற தூரம் வரைக்கும் இன்றைக்கு மைக் செட் வைத்துப் பிழைக்கிறவர்களில் பாதிப் பேர் தொழில் பழக என்னிடம் கயிறு பிடித்தவர்கள். மீதிப் பேர் அவர்களிடம் பிடித்தவர்கள். கரண்டு வராத ஊருக்குள் பாட்டைக் கொண்டுபோனவன் நான். உங்கள் முதலாளி ராவுத்தர் அல்லவா கொண்டுவந்தார் என்று சிலர் சொல்வார்கள். வண்டியில் கொண்டுவந்தது அவர். மரத்தில் ஏற்றியது நான். மரத்தில் ஏறாத ஒலிபெருக்கிக் குழாய் யாருக்குக் கேட்கும்?

இவ்வளவையும் செய்தவன் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். பனையேறி மகன். அப்பன் எனக்கு விட்டுப்போனது ஒரு பாளை அரிவாளும் கால் தளையும்தான்.

நம் தொழில்காரப் பிள்ளைகள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், அந்தக் காலத்து அனுபவத்தை எழுதுங்கள் என்று. இப்போது அவர்கள் சட்டைப் பையில் ஆயிரம் பாட்டு வைத்திருக்கிறார்கள், விரலால் தட்டினால் வருகிறது. என் காலத்துச் சங்கதி இவர்களுக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். போன மாசம் ஒரு கல்யாணத்தில் மைக்கில் ஒரு பேச்சைக் கேட்டேன். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பேச்சைக் கடைசியில் சொல்கிறேன்.

காசிம் ராவுத்தருக்குப் பாலக்காட்டுக் கடைவீதியில் கடை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் செட்டு வாடகைக்குக் கொடுப்பார். கேரளா என்று ஒரு மாநிலம் உண்டாவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். அவர் என்னைச் சேர்த்துக்கொண்டது முகத்தைப் பார்த்தல்ல, காலைப் பார்த்து. ஒரு கோயில் சாட்டுத் திருவிழாவில் அவருடைய ஆள் பனையில் ஏற மாட்டேன் என்று நின்றான். நான் குழாயை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். இறங்கியதும், "நாளைக்கும் வர்றியா?" என்றார். அதுதான் எனக்கு வேலை கிடைத்த விதம். பேட்டரி சுமந்தேன், ஆசிட் பட்டு வேட்டியெல்லாம் ஓட்டை ஆனது, ஊசி பொறுக்கினேன். அதை நீட்டுவானேன்.

ஆனால் ராவுத்தரின் முறையைச் சொல்லியாக வேண்டும். இசைத்தட்டை நாங்கள் பிளேட்டு என்போம். அதன் முகத்தில் விரல் படக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் விளிம்பில் பிடித்து எடுப்பார். வெல்வெட் துணியால் பாட்டு ஓடுகிற வாக்கிலேயே துடைப்பார். ஒரு பாட்டுக்கு ஒரு ஊசி. பழைய ஊசியைத் தனி டப்பாவில் போட்டுவிடுவார். ஒரு கல்யாண வீட்டுக்காரர், "ஒரே ஊசியில நாலு பாட்டுப் போட்டா என்னங்க ராவுத்தரே?" என்று கேட்டார். "ஒரே எலையில நாலு பேரு சாப்பிடுவீங்களா?" என்றார் ராவுத்தர். கீறல் விழுந்த பிளேட்டை அவர் தொடவே மாட்டார். ஊசி ஒரு தரம் துள்ளினால் செட்டுக்கே கெட்ட பேர் என்பது அவர் கணக்கு.

குழாய் கட்டுவதற்கும் முறை உண்டு. மூன்று கட்டு. முதல் இரண்டு, குழாயின் பின்புறத்தை மரத்தோடு பிடிக்கும். மூன்றாவது, குழாயின் வாய் விளிம்பிலிருந்து பனைமட்டைக்கு இழுத்துக் கட்டுவது. அதற்கு அவர் வைத்த பேர் காத்துக் கட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாதாரணக் காற்றல்ல. குழாய் காற்றை எதிர்த்து நின்றால், அகலமான வாயைப் பிடித்துச் சுழற்றி மறுபக்கம் திருப்பிவிடும். பனநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டினால் காய்ந்தபின் விறைத்துப் பிடிக்கும், எந்தக் காற்றும் அசைக்காது. காய்ந்த நாரில் கட்டினால் வழுக்கிவிடும். இதை ராவுத்தர் ஒரு தரம் சொன்னார். நான் ஒரு தரம் கேட்டேன். போதும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்ப்பார். மறுபடி வைத்துக்கொள்வார். அதற்குள் தப்புச் செய்தவனுக்கு வியர்த்துவிடும்.

பாட்டு ஒரு குடும்பத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்று எங்களைப்போல் பார்த்தவன் இல்லை. தன் கல்யாணத்தில் ஓடிய பாட்டைத்தான் மகளின் சீருக்கும் போட வேண்டும் என்று ஒரு அம்மா பிடிவாதம் பிடிப்பார். இன்னொரு வீட்டில் அதே பாட்டைப் போட்டால் பெரியவர் எழுந்து களத்துக்குப் போய்விடுவார், ஏனென்று யாரும் கேட்க மாட்டார்கள். பிள்ளை பிறந்த வருஷத்தை மறந்தவர்கள்கூட, பிறந்தபோது குழாயில் என்ன ஓடியது என்று சொல்வார்கள். என் வீட்டுச் சங்கதி வேறு. "ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டீங்க, எனக்குன்னு ஒண்ணு போட்டீங்களா?" என்று என் சம்சாரம் இன்றைக்கும் கேட்கிறாள். எங்கள் கல்யாணத்தன்று ராவுத்தரின் செட்டு வேறு ஊரில் இருந்தது. நான்தான் முந்தின நாள் போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

இனி சென்னியப்பக் கவுண்டர் வீட்டுச் சங்கதி.

கவுண்டருக்கு எருத்தேன்பதிக்குக் கிழக்கே தோட்டம். மனைவி காலமாகிவிட்டார். மூத்தவள் பூவாத்தா, இளையவன் நாச்சிமுத்து. தாயில்லாத தம்பியை அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். அந்த வீட்டில் ஒரு கைச்சாவி கிராமபோன் இருந்தது. பூவாத்தாவைக் கிழக்கே ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எல்லை தாண்டி, பொன்னுச்சாமி என்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குழாய் வைத்தால் கேட்கிற தூரம்தான்.

சண்டை வந்தது வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில். நானும் அன்று அங்கே இருந்தேன். கவுண்டர் ஒரு காளையின் வாயைத் திறந்து, வயசறியப் பல்லை எண்ணிப் பார்த்து, "நாலு பல்லு" என்றார். மருமகன் பொன்னுச்சாமி கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆறுங்க மாமா" என்றார். தரகன் சும்மா இருந்திருக்கலாம். "மருமவங் கண்ணு புதுசுங்க" என்றான். சந்தையே சிரித்தது. கவுண்டர் காளையையும் விட்டார், மருமகனையும் விட்டார், தனியாக வண்டி ஏறிப் போய்விட்டார்.

"எம்பட கண்ணு அவுஞ்சு போச்சுன்னு சந்தையில சொன்னவம் பொண்டாட்டிக்கு எம்பட ஊட்டுல என்ன வேலை?" என்பது அவர் பேச்சு.

"கூப்புடாத ஊட்டுக்கு நானெதுக்குப் போறேன்?" என்பது மகள் பேச்சு.

சொந்தக்காரர்கள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. இரண்டு பக்கமும் அசையவில்லை. அப்படியே நாச்சிமுத்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஆனி மாசம்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. பெண் வீட்டுக்குப் புறப்படுமுன் மாப்பிள்ளையின் வீட்டில் செய்வது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவனோடு நின்று கூறைச்சேலையைப் பிடித்துக்கொள்வாள். கட்டிக்கொடுத்த பிறகும் பிறந்த வீட்டில் அவளுக்கு இடம் உண்டு என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. சொந்த அக்கா கூப்பிடு தூரத்தில் இருக்க, கவுண்டர் தன் தம்பி மகளை நிற்கச் சொல்லிவிட்டார். வேறொருத்தி நின்று சீர் முடிந்துவிட்டால், பூவாத்தாவுக்கு அந்த வீட்டு வாசல் அன்றோடு சரி. பிற்பாடு யார் சமாதானம் பேசினாலும் அந்த நாள் திரும்ப வராது. இது எல்லாருக்கும் தெரியும். கவுண்டருக்கும் தெரியும்.

சீருக்கு முந்தின நாள் நானும் ராவுத்தரும் செட்டோடு போய் இறங்கினோம். ராவுத்தர் பேட்டரியைப் பார்க்கப் போன நேரம், நாச்சிமுத்து துண்டில் சுற்றிய ஒன்றை என்னிடம் கொண்டுவந்தான்.

"மாரப்பா, இதைய நாளைக்கு மத்தியானம், சீருக்கு முந்திப் போடோணும்."

பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு முருகன் பாட்டு. விளிம்பிலிருந்து உள்ளே நீளமாக ஒரு கீறல்.

"சின்னவருங்க, இது கீறல் பிளேட்டுங்க. ராவுத்தரு தொடமாட்டாரு."

"அவரு தொட வேண்டாம். நீ தொடு."

"சனஞ் சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும். எங்கக்காளுக்கு வெளங்கும்."

அப்புறம்தான் சொன்னான். அக்கா சின்ன வயசில், அழுகிற தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிளேட்டை மாற்றும்போது, கை தவறி வாசற்படியில் உரசி விழுந்த கீறல். அந்தப் பாட்டில் பக்தன் மலை அடிவாரத்தில் நிற்பான். ஊசி துள்ளும். அடுத்த நொடி உச்சியில் இருப்பான். ஏறுகிற அடி முழுவதையும் கீறல் விழுங்கிவிடும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்து இருவரும் அப்படியே பாடி வளர்ந்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடியோடு போனபோது பூவாத்தா பாடி, அடியை விழுங்கி, கூட வந்தவர்கள் சிரித்த பிறகுதான் முழுப் பாட்டு ஒன்று இருப்பதே தெரிந்ததாம். அந்தப் பிளேட்டு நூறு வீட்டில் இருக்கலாம். ஏறாமல் உச்சிக்குப் போகிற பிளேட்டு அந்த ஒரு வீட்டில்தான்.

"செரிங்க. ஆனாக் கெழக்க கேக்கோணுமே" என்றேன்.

"அதுக்கு நானென்ன பண்ணுவேன் மாரப்பா? எங்கப்பன் சொல்லீட்டாரு."

கவுண்டர் என்னிடமும் அதைச் சொல்லியிருந்தார். "ரெண்டு குழாயும் ஊரப் பாத்து மேக்க இருக்கோணும். கெழக்க ஒரு வரி போச்சுன்னா செட்டு பள்ளத்துல கெடக்கும். வெளங்குச்சா?" சொன்னதைச் செய்கிற மனுஷர். செட்டு பள்ளத்தில் விழுந்தால் ராவுத்தருக்குப் பிழைப்பு இல்லை, எனக்கும் இல்லை.

"அது எம்பாடுங்க, உடுங்க" என்று நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் பெரிய குழாயைப் பனையில் ஏற்றினேன். மரத்தின் மேற்குப் பக்கம் கட்டாமல் தென்பக்கமாகக் கட்டினேன். அப்போதுதான் வாய் இரண்டு திசைக்கும் திரும்ப மரம் தடுக்காது. முதல் இரண்டு கட்டும் ஊறிய நார். காத்துக் கட்டுக்கு மட்டும் இடுப்பில் செருகி வைத்திருந்த காய்ந்த நார், அதுவும் ஒரு சுருக்கு. கீழே நின்று கவுண்டர் அண்ணாந்து பார்த்தார். குழாய் மேற்கே பார்த்து நின்றது. திருப்தியோடு போனார். ஆனி மாசக் காற்று மேற்கிலிருந்து வரும், வெயில் உச்சிக்கு வந்தபின் பலமாகும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனை உச்சியில் வளர்ந்தவன் நான்.

மத்தியானம் ராவுத்தர், "நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடியில் துண்டு விரித்துத் தொழப் போனார். பந்தலில் கூட்டம். கவுண்டரின் தம்பி மகள் குளித்துப் புதுச்சேலை கட்டி நின்றுகொண்டிருந்தாள், பாவம், யார் முகத்தையும் பார்க்காமல். பந்தல் துணி படபடவென்று அடித்தது. அண்ணாந்து பார்த்தேன். குழாய் ஒரு தரம் நடுங்கியது, பாதி சுற்றியது, பிறகு வாயைக் கிழக்கே வைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

பிளேட்டைப் போட்டேன்.

பக்தன் அடிவாரத்தில் நின்றான். ஊசி துள்ளியது. உச்சிக்குப் போய்விட்டான்.

"ஏறாமயே போயிட்டானப்பா!" என்று ஒருவர் கத்தினார்.

"ராவுத்தரு செட்டுக்கு விக்கலு! யாராச்சும் தண்ணி குடுங்க!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நாச்சிமுத்து மட்டும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் ஊசி மாற்றி மறுபடியும் போட்டேன். இந்தத் தடவை கவுண்டர் வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுழல்கிற பிளேட்டைப் பார்த்தார். அந்தத் துள்ளலை அவரும் தன் வீட்டில் எத்தனை வருஷம் கேட்டிருப்பார்! பிறகு மெதுவாகப் பனையை அண்ணாந்து பார்த்தார். அந்நேரம் ராவுத்தரும் தொழுகை முடித்து வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க ராவுத்தரே, உங்க குழாயி கெழக்க பாக்குது?"

ராவுத்தர் பனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். எனக்கு முதுகு நனைந்துவிட்டது. தொப்பியை வைத்துக்கொண்டு சொன்னார்:

"காத்துங்க கவுண்டரே."

"காத்தா?"

"ஆனிக் காத்துங்க. ஆரு பேச்சையும் கேக்காது."

"அப்ப ஏறித் திருப்பச் சொல்லுங்க."

"பிளேட்டு முடியட்டுங்க. நல்ல காரியத்துல சாமி பாட்டப் பாதியில நிறுத்தப்படாது." பாட்டு முடிந்தது. ராவுத்தர் என்னிடம், "ஏறு. பாத்து, மெதுவா ஏறு" என்றார்.

தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து மெதுவாக ஏறு என்று அவர் சொன்னதே இல்லை. நானும் மெதுவாகவே ஏறினேன். பாதி மரத்தில் இருக்கும்போது தலைக்கு மேலே குழாய் மறுபடியும் பாட ஆரம்பித்தது. அதே பாட்டு. போட்டது நான் இல்லை, நான் மரத்தில் இருக்கிறேன். கீறல் பிளேட்டைக் கையால் தொடாத மனுஷர் அதைத் துடைத்து, புது ஊசி போட்டு, ஓடவிட்டிருக்கிறார். இதை அவர் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவரவருக்கு உள்ளதைக் கொடுப்பதில் நான் குறை வைப்பவனல்ல.

உச்சிக்குப் போய்க் கிழக்கே பார்த்தேன். பள்ளத்தைத் தாண்டி வண்டித்தடத்தில் புழுதி. ஒரு கூண்டு வண்டி. ஓட்டுகிறவர் பொன்னுச்சாமி. வண்டி வந்த வேகத்தைப் பார்த்தால், காலையிலிருந்தே பூட்டித் தயாராக நின்ற வண்டி என்று தெரிந்தது. நான் கீழே எதுவும் சொல்லவில்லை. கையில் நாரை வைத்துக்கொண்டு கட்டுகிறவன்போல் சும்மா இருந்தேன்.

வண்டி தோட்டத்து வாசல் படலுக்கு வெளியே நின்றது. பூவாத்தா பட்டுச்சேலையோடு இறங்கினாள், படலைத் தாண்டவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவி, "ஏஞ்சாமி, ஆரு கூப்புட்டாங்க?" என்று கேட்டாள்.

"எம்பட ஊட்டுப் பிளேட்டு கூப்புட்டுதுங்க" என்றாள் பூவாத்தா.

கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலை நோக்கி நடந்தார். மேலேயிருந்து எனக்கு அவருடைய தலைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மகளிடம் நிற்கவில்லை. மருமகனிடமும் நிற்கவில்லை. நேரே வண்டிக் காளையிடம் போனார். அதன் வாயைத் திறந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஆறு பல்லு" என்றார்.

பொன்னுச்சாமி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அது எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்து வருஷக்கணக்கான மாடு, சந்தைக்குப் போகிற எவனும் தூரத்தில் நின்றே சொல்வான்.

"ஆமாங்க மாமா. ஆறுதானுங்க."

கவுண்டர் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். "ஏம்புள்ள, நீ இப்படி வந்து உக்காரு" என்று தம்பி மகளிடம் சொன்னார். அந்தப் பெண் இரண்டே எட்டில் வந்து பாயில் உட்கார்ந்து, மூச்சுவிட்டாள். பூவாத்தா படலைத் தாண்டிப் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றாள். நான் குழாயை மேற்கே திருப்பி, ஊறிய நாரில் காத்துக் கட்டைப் போட்டு இறங்கினேன்.

சாயந்தரம் வண்டியில் திரும்பும்போது ராவுத்தர் கேட்டார்.

"மூணாவது கட்டு என்னாச்சு?"

"காத்துங்க முதலாளி."

"காத்துக்குப் பேரு மாரப்பனா?"

கொஞ்ச தூரம் போனபின், "கவுண்டர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நான் இருக்கற வரைக்கும் அது காத்தாவே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். அவர் இருந்தவரை வாய் திறக்கவில்லை. கவுண்டரும் போனார், நாச்சிமுத்துவும் போனார். அதற்குப் பிறகும் சும்மாதான் இருந்தேன்.

போன மாசம் நாச்சிமுத்துவின் பேத்திக்குக் கல்யாணம், பெரிய மண்டபத்தில். ஆள் உயரப் பெட்டிகள் வைத்திருந்தார்கள், வைத்தவன் என்னிடம் தொழில் பழகியவனின் மகன். பேரன் ஒருவன் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னான். பாட்டைப் பற்றிச் சரியாகச் சொன்னான். மாட்டுப் பல்லையும் சொன்னான். முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த பூவாத்தாவைக் கைகாட்டி, "அன்னைக்கு மட்டும் தற்செயலா ஒரு காத்து அடிச்சு குழாய் திரும்பலைன்னா எங்க பெரியாத்தா இந்தக் குடும்பத்துல இல்லீங்க. எங்களைச் சேத்து வெச்சது அந்தக் காத்துதான்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தக் கைதட்டலைக் கேட்டேன். பூவாத்தாவும் தட்டினாள். பாவம், அவளுக்கும் தெரியாது.

தம்பி, நீ நல்லாப் பேசினாய். ஒன்றை மட்டும் திருத்து. ஆனிக் காற்று அந்த ஒரு வருஷம் மட்டும் அடித்ததல்ல. அதற்கு முன்னும் பின்னும் அதே காற்றில் எத்தனையோ குழாய் கட்டியிருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பியதில்லை. திரும்பியது ஒன்றே ஒன்று. அதன் காத்துக் கட்டில் காய்ந்த நாரைப் போட்டுச் சுருக்கு வைத்தவன் எருத்தேன்பதி ரேடியோ மாரப்பன். உங்கள் வீட்டில் அடுத்து ஒரு நல்ல காரியம் வரும். அன்றைக்கு அதே மைக்கில் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும், பூவாத்தா காதில் விழுகிற மாதிரி. சொல்லும்போது ஒரு குழாயாவது என் வீட்டைப் பார்த்து இருக்கட்டும். என் சம்சாரமும் கேட்கட்டும்.